லூர்து அக்காவின் ஒயின் ரூட்

"மேடம், அந்த ஒயின் ரூட் கட்டுரை என்னாச்சு?"

போன வாரம் எங்கள் ஆசிரியர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். முதல் தடவை அதட்டலாகக் கேட்பார். இரண்டாவது தடவை சிரித்துக்கொண்டே கேட்பார். மூன்றாவது தடவை ரொம்ப மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதைக்குத்தான் நான் பயப்படுவேன்.

விஷயம் இதுதான். ஜூலை மாதம் அவர் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். அங்கெல்லாம் பெரிய நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் திராட்சைத் தோட்டமாம். அதைத் தாண்டினால் இன்னொரு தோட்டம், வழியெல்லாம் மலை, ஏரி... நிறுத்தி நிறுத்தி, வாயை நனைத்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்களாம். "நம்ம மதுரைப் பக்கம் அப்படி ஒண்ணு இல்லையா மேடம்? நீங்கதான் அடிக்கடி கொடைக்கானல் போறீங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் ஒயின் ஷாப் என்று பெயர் வாங்கிய கடையில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். இதில் ரூட் வேறா?

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். ரூட் இருக்கத்தான் செய்கிறது. மதுரையிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் கொடை ரோடு. அங்கிருந்து வத்தலக்குண்டு வரை அங்கங்கே பன்னீர்த் திராட்சைத் தோட்டங்கள். அந்தப் பழம் பெட்டி பெட்டியாக வேன் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, கொடைக்கானல் மார்க்கெட்டுக்குப் போகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்கே பல வீடுகளில் பீங்கான் ஜாடிக்குள் உட்கார்ந்து ஒயினாகிறது. பழத்துக்கே ஒரு ரூட் இருக்கும்போது எனக்கு இருக்கக் கூடாதா?

கிளம்பிவிட்டேன். முதலில் மேலே போய் இரண்டு நாள் குளிரில் இருப்பது, இறங்கும்போது தோட்டம் பார்ப்பது என்று திட்டம். போனேன், பார்த்தேன், வந்தேன். மூன்று மாதமாக எழுதவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

ஜூலையில் கொடைக்கானலில் கூட்டம் இருக்காது. சாரலும் மூடுபனியும்தான். எதிரே வருகிற பஸ், ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் பூம்பாறை வரை போய்ப் பார்த்தேன். படி படியாக இறங்கும் பூண்டு வயல்கள், நடுவில் கேரட். பழனி மலையின் இந்த உச்சியில் யாராவது நாலு கொடி திராட்சை போட்டிருக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. வயலில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். அவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் குளுருக்கு நாங்க இருக்குறதே பெருசுங்க. திராட்சை எங்கிட்டு வரும்?"

அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. மறுநாள் சாயங்காலம் செண்பகனூருக்கு, லூர்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

லூர்து அக்காவைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் மெஸ்ஸில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். பல வருடங்களுக்கு முன் அந்தப் பள்ளிக்கு ஒரு விழாவுக்காகப் போன நான், மேடை ஏறுவதற்கு முன்பே காய்ச்சலில் விழுந்துவிட்டேன். மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் பற்றுப் போட்டு, என்னை மதுரைக்கு முழுசாகத் திருப்பி அனுப்பியது அவர்தான். அன்றிலிருந்து கொடைக்கானல் என்றால் எனக்கு ஏரி இல்லை. லூர்து அக்காதான்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் ஸ்டாப்புக்கு மேலே இரண்டு அறை வீடு. கணவர் இல்லை. ஒரே மகன் பெனி நியூசிலாந்தில். போய் ஆறு வருடம் ஆகிறது.

"வாங்கம்மா. கதைக்க ஆளில்லாம வாயி ஒட்டிப் போயிருந்துச்சு. உள்ள வாங்க."

அக்காவின் தமிழில் இன்னும் கடலுக்கு அந்தப் பக்கத்து வாசனை இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பல் ஏறி இங்கே வந்தவர். பேச்சு பாதி கொடைக்கானல் ஆகிவிட்டது. ஆனால் ரொட்டி இன்றைக்கும் அவருக்குப் பாண்தான். முடியாது என்றால் ஏலாது.

எவர்சில்வர் டம்ளரில் போன கிறிஸ்துமஸ் ஒயினும், தட்டில் இரண்டு துண்டு பாணும் வந்தன. முதலில் இனிப்பு. அப்புறம் கிராம்பு. கடைசியில் தொண்டையில் ஒரு சின்ன சூடு. வெளியே சாரல். இதைவிட நல்ல ஒயின் ரூட் எந்த நாட்டில் இருக்கிறது?

எப்படிச் செய்கிறீர்கள் என்று நோட்டை எடுத்தேன்.

"பழத்தக் கழுவிக் காய வச்சு, கையாலதான் பிசையணும். சீனி, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதும, நாலு கிராம்பு. ஜாடி வாயில துணியக் கட்டி, தெனம் ஒரு தடவ மரக்கரண்டியால கிண்டணும். இருபத்தோரு நாளு. வடிகட்டிட்டு இன்னொரு இருபத்தோரு நாளு. அவசரப்பட ஏலாது. விக்கிறதுக்கு இல்ல பாருங்க, வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான்."

"பழம் எந்தத் தோட்டத்துலருந்து வருது?"

"தோட்டத்த நான் எங்கம்மா பாத்தேன்? மார்க்கெட்ல பெட்டியில வரும். வாங்கிக்கிட்டு வருவேன்."

நாற்பது வருடமாகத் திராட்சையைக் கையால் பிசைகிறவர். கொடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பஸ்ஸில் இறங்கினால் இரண்டு மணி நேர தூரம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வத்தலக்குண்டுக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர் தோட்டத்துக்குள் எதற்காக நுழையப்போகிறார்?

அக்கா அலமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே ஐந்து பாட்டில்கள் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல். "வருசத்துக்கு ஒண்ணு பெனிக்குன்னு எடுத்து வச்சிருவேன். ஆறு இருந்துச்சு. ஒண்ணு ஒரு நாளு மத்தியானம் தானா வெடிச்சிருச்சு. செவரெல்லாம் செகப்பு. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க பயந்து போச்சுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா ஒரு பாட்டிலின் நூலைச் சரிசெய்தார்.

"பெனி இப்ப திராட்சைத் தோட்டத்துலதாம்மா வேலை பாக்குறான். ஓட்டலுக்குத்தான் படிக்கப் போனான். இப்ப தோட்டத்துல சூப்பர்வைசர். எப்படிடா இருக்கும்னு கேட்டா, நம்ம பார்க் மாதிரி இருக்கும்மாங்குறான். வீடியோவுல அவன் மொகமும் ரூம் செவரும்தான் தெரியும். ஞாயித்துக்கெழம மட்டும்தான் கூப்பிடுவான். ராத்திரியானா வெரலு மடங்கலையாம். கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டித்தான் இருக்கும். தைலம் அனுப்பி வச்சேன்."

டம்ளரை எடுத்துக் கழுவப் போனவர் பாதியில் நின்றார்.

"நாளைக்கு எறங்குறப்ப தோட்டம் பாக்கப் போறீங்கள்ல? என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? திரும்பி பஸ்ல வந்துருவேன். அவன் தெனம் எதப் பாக்குறான்னு ஒரு தடவ நானும் பாக்கணும்."

காலையில் வெள்ளனே தயாராக நின்றார். மாதா கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச் சேலை, மேலே ஸ்வெட்டர், கையில் ஒயர் கூடை. முன் சீட்டில் உட்கார்ந்தார். நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக் போடுவதற்கு முன்பே அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. பெருமாள்மலை தாண்டியதும் பனி விலகி, கீழே மஞ்சளாறு அணை ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன். சுற்றுலாக்காரி மாதிரி படம் எடுத்தேன். அக்கா இறங்கவில்லை.

"எங்கம்மாவும் இப்படி ஒரு மலையிலதான் நின்னுச்சு" என்றார், நான் திரும்பி உட்கார்ந்ததும். "விடியக்கால பேர் கூப்பிடுவாங்க. கூடையத் தலையில மாட்டிக்கிட்டுக் கொழுந்து பறிக்கப் போயிரும். காலெல்லாம் அட்டை. வெரலு கறுத்துப் போயிரும் பாருங்க, எத வச்சுத் தேச்சாலும் போகாது. இங்க வந்தும் காப்பித் தோட்டத்துலதான் வேலை. சாகுற வரைக்கும் அந்தக் கறுப்புப் போகல."

"நீங்க போனதில்லையாக்கா?"

"பதினாறு வயசுல எனக்கும் ஒரு கூடை குடுத்தாங்க. ஒரு நாளு போனேன். மறுநாளு மாட்டேன்னுட்டேன். அம்மா அடிச்சுச்சு. சட்டி கழுவுறேன், வெறகு பொளக்குறேன், அடுத்தவன் தோட்டத்துல பறிக்க மாட்டேன்னேன். அப்படித்தான் மெஸ்ஸுக்குப் போனது. பெனியும் அதுல மாட்டிக்கிறக் கூடாதுன்னுதான் படிக்க வச்சது. இன்னைக்கு அவன் சூப்பர்வைசர். அம்மாவுக்கு அதப் பாக்கக் குடுத்து வைக்கல."

அடுத்த வளைவில் மறுபடி பிரேக் போட்டார்.

வத்தலக்குண்டைத் தாண்டி மண் ரோட்டில் திரும்பினால் பாண்டி அண்ணன் தோட்டம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம் முன்பே பேசி வைத்திருந்தேன். ஐம்பது வயதுக்காரர். தோளில் துண்டு, காதில் போன்.

"வாங்க, வாங்க. பழ வெட்டு நடக்குது, அதான் சோலி கொஞ்சம் கூடுதலாக் கெடக்கு. நீங்க பாட்டுக்கு உள்ள போயிப் பாருங்க."

வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. பந்தலுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. கல்தூண்கள். அவற்றின் மேல் கம்பிப் பின்னல். கம்பி முழுக்க இலை. வெயில் பச்சையாகக் கீழே இறங்கியது. தலைக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் கறுநீலக் குலைகள், மேலே சாம்பல் பூசினது போல... எத்தனை என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கா பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்.

"அட, செருப்ப எதுக்குக்கா கழட்டுறீங்க? முள்ளு கெடக்கும்" என்றார் பாண்டி அண்ணன்.

அக்கா கேட்கவில்லை. வெறுங்காலோடு நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டு நெழலா இருக்குமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். "அப்ப பெனி நெழல்லதான் இருக்கான். இப்படி நடுவுல நடந்து நடந்து பாத்துக்கிட்டு இருப்பான்போல."

"பறிங்கக்கா. ஒரு குலை பறிச்சுச் சாப்பிட்டுப் பாருங்க."

"வேண்டாம்ப்பா. பாத்தா போதும்."

நாலு பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்தபடியே கத்தரியால் காம்பை வெட்டி, இடது கையில் குலையை வாங்கி, பெட்டியில் வைத்தார்கள். அக்கா அவர்களில் ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்றார். செல்வி என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"கழுத்து வலிக்காதா தங்கச்சி?"

"மொத நாலு நாளு வலிக்கும். அப்புறம் கழுத்து ஒண்ணு இருக்குறதே மறந்துரும்க்கா."

"கை?"

"பறிக்கிறதுக்கெல்லாம் கை வலிக்காது. கவாத்து நேரத்துலதான் சீரழிவு. கொடிய வெட்டணும்ல? கத்தரிய அமுக்கி அமுக்கி ராத்திரியானா வெரலு மடங்காது. காலையில சுடுதண்ணியில கைய வச்சாத்தான் சோத்துச் சட்டியவே பிடிக்க முடியும்."

அக்கா இன்னும் கிட்டே போனார். செல்வியின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"பெனிக்கு இப்ப மணி என்ன இருக்கும்?"

நம் ஊரில் ஒன்பதே முக்கால். அங்கே சாயங்காலம் நாலே கால். சொன்னேன். கூடையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "வீடியோ போட்டுக் குடுங்கம்மா."

பெனி எடுத்துவிட்டான். வாரநாளில் அம்மா கூப்பிட்டதே இல்லை. பயந்துதான் எடுத்திருக்கிறான்.

"மா? என்னம்மா ஆச்சு? ஆர் யூ ஓகே?"

தலையில் கம்பளித் தொப்பி. மழைக்கோட்டு. மூக்கு சிவந்து, வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் பார்க் இல்லை. ஓர் இலைகூட இல்லை. மொட்டைக் கொடிகள் கம்பியில் கட்டப்பட்டு, வரிசை வரிசையாக மேட்டில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. தரையெல்லாம் வெட்டிப் போட்ட குச்சி. தூரத்தில் அவனைப் போலவே கோட்டுப் போட்ட சிலர் குனிந்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகலடா. நான் எங்க நிக்கிறேன்னு பாரு." அக்கா போனைப் பந்தலைப் பார்த்துத் திருப்பினார்.

"கிரேப்ஸ் தோட்டமா? எங்கம்மா இருக்க?"

"கீழ, வத்தலக்குண்டுப் பக்கம். நீ எங்க நிக்கிற?"

அங்கே காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"கையில என்ன?"

"கத்தரிம்மா."

"சூப்பர்வைசர் கையில எதுக்குக் கத்தரி?"

அவன் எங்கேயோ பார்த்தான். முப்பது வயதுப் பையன். அந்த நிமிஷம் ரிப்போர்ட் கார்டை மறைத்து வைத்து மாட்டிக்கொண்டவன் போல இருந்தான்.

"நான் சூப்பர்வைசர் இல்லம்மா. ஹோட்டலக் கொரோனா டைம்லயே மூடிட்டாங்க. அப்பலருந்து இதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ திரும்பி வாடான்னு சொல்லுவ. நீ சொன்னா நான் வந்துருவேன். அதான் சொல்லல."

நான் கட்டுரைக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். என் போனைப் பைக்குள் போட்டேன். செல்வியும் மற்றவர்களும் கத்தரியை நிறுத்திவிட்டார்கள்.

"கையக் காட்டு" என்றார் அக்கா.

"மா, விடும்மா."

"காட்டுடா."

கையுறையைக் கழற்றிக் காட்டினான். விரல் மூட்டெல்லாம் வீங்கி, தோல் வெடித்திருந்தது. அக்கா கட்டை விரலால் திரையில் அவன் கையைத் தடவினார். தடவினதில் ஏதோ அமுங்கி இந்தப் பக்கத்துச் சத்தம் நின்றுவிட்டது. "மா, கேக்கலம்மா, பேசும்மா" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். நான் வாங்கிச் சரிசெய்து கொடுப்பதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது.

"வந்துருடான்னு சொல்ல நெஞ்சு வரைக்கும் வருது" என்றார் அக்கா. "சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம். ஆனா நீ எங்க நிக்கிறியோ அதச் சொல்லு. எனக்கு அது போதும்."

அவன் தலையை ஆட்டினான்.

இந்த இடத்தில்தான் பாண்டி அண்ணன் உள்ளே புகுந்தார். இங்கிதம் தெரியாமல் அல்ல, ஆர்வம் தாங்காமல். இத்தனை நேரம் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையில் தெரிந்த கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தம்பி, நான் இந்தத் தோட்டக்காரன். ஏந்தம்பி, கொடி இப்படி மொட்டையா நிக்கிது? இம்புட்டையுமா வெட்டுவீங்க?"

பெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஆமாங்க அண்ணே. ரெண்டே ரெண்டு கொடிதான் விடுவோம். ஒண்ணுல துளிர் விடுற கண்ணு பத்துப் பன்னெண்டு இருக்கும். மத்ததெல்லாம் வெட்டிருவோம்."

"எந்தக் கொடிய விடணும்னு எப்படித் தெரியும்?"

"பென்சில் தடிமன்ல இருக்கணும்ணே. போன வருஷம் நல்லா வெயில் பட்ட கொடியா இருக்கணும். இங்க பாருங்க..." கேமராவைத் திருப்பி ஒரு செடியைக் காட்டினான். "இது வேஸ்ட். இதுவும் வேஸ்ட். இது ரெண்டுலதான் அடுத்த பழம். உங்களுக்கு வருஷத்துல ரெண்டு மூணு வெட்டு இருக்கும்ல? எங்களுக்கு ஒண்ணுதான். தப்பா வெட்டிட்டா அந்த வருஷமே போச்சு."

பேசப் பேசக் குரல் மாறிவிட்டது. மாட்டிக்கொண்ட பையன் போய்விட்டான். பாண்டி அண்ணன் அவர் பந்தலில் ஓர் ஓரத்துக்குப் போனைக் கொண்டுபோய்க் காட்டினார். பெனி கேள்வி கேட்டான். அவர் பதில் சொன்னார். இரண்டு விவசாயிகள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. அக்கா கல்தூணில் சாய்ந்துகொண்டு, மகன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் வேலையைப் பற்றிப் பேசி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"பையனுக்கு வேலை தெரிஞ்சிருக்குக்கா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் பாண்டி அண்ணன். சும்மா சொல்கிற குரலில்லை.

"மா, டைம் ஆச்சு. இருட்டுறதுக்குள்ள இந்த வரிசைய முடிக்கணும்" என்றான் பெனி. "போறதுக்கு முன்னாடி ஒரு குலை பறிச்சுக் காட்டும்மா. பழத்தக் கண்ணால பாத்து மூணு மாசமாச்சு. இங்க சுத்தி எல்லாமே மொட்டை."

அக்கா நின்றார். செல்வி தன் கத்தரியை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக்கொண்டு, எட்டி, ஒரு குலையைக் காம்போடு ஒடித்தார். ஒடித்துப் போனுக்கு முன்னால் பிடித்தார். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு வாயில போடும்மா."

போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"இனிக்கிதுடா. லேசாப் புளிக்கிது."

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பாண்டி அண்ணன் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு பெட்டிப் பழத்தைக் காரில் ஏற்றிவிட்டிருந்தார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்லம்மா. எங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம் நின்னு பறிச்சுச்சு. எம்புள்ள இன்னொரு கடலத் தாண்டிப் போயி வெட்டுறான். நடுவுல நான் ஒருத்திதான் தப்பிச்சிருக்கேன் போல." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ஆனா அது இல்ல வருத்தம். ஆறு வருசமா ராத்திரி படுத்தா, ஒரு ரூமு, ஒரு மேச, ஒரு நாக்காலி, அதுல பெனின்னு நெனச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். அங்க அவன் இல்லவே இல்ல. நான் வேற யாரையோ நெனச்சுல்ல ஏங்கியிருக்கேன்."

ஏக்கத்துக்கும் சரியான விலாசம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நம்மில் எத்தனை பேர் வருடக்கணக்காகத் தப்பு விலாசத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறோமோ...

பஸ் வந்தது. பெட்டியை நான் ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டார்.

"இத எழுதுவீங்களா?"

"நீங்க சொன்னா எழுதுறேன்."

"இப்ப வேண்டாம். அவன் எப்படி இருக்கான்னு கொஞ்ச நாளு பாத்துட்டுச் சொல்றேன்."

அதனால்தான் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியரின் மரியாதையையும் தாங்கிக்கொண்டேன்.

முந்தாநாள் அக்கா கூப்பிட்டார்.

"எழுதுங்கம்மா. அவன் பேரப் போட்டே எழுதுங்க. திருட்டு வேலையா செய்யிறான்?"

இப்போதெல்லாம் பெனி தினமும் கூப்பிடுகிறானாம். அறையிலிருந்து அல்ல, தோட்டத்திலிருந்தே. வேலை முடிந்து வண்டி வருகிற வரைக்கும் போனைக் கையில் பிடித்தபடி வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே பேசுகிறான். அந்த மேடு எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் ஓடை, கூட வேலை செய்கிறவர்கள் பெயர் என்ன... அக்காவுக்கு எல்லாம் அத்துப்படி. செப்டம்பர் கடைசியில் கொடியெல்லாம் துளிர் விட ஆரம்பித்ததாம். அவன் வெட்டாமல் விட்ட கொடியின் கண்ணிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு மொட்டு எட்டிப் பார்த்ததைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினானாம்.

"கிறிஸ்துமஸுக்கு வர்றானாக்கா?"

"வர ஏலாது. அங்க அப்பத்தான் வேலை கூடுதலாம். பழம் பறிச்சு முடிய ஏப்ரல் ஆகிரும். அதுக்கப்புறம் லீவு கேக்குறேன்னிருக்கான். குடுப்பாங்களோ என்னவோ." பிறகு அவரே சொன்னார். "முந்தி கூப்பிட்டா, எப்படா வருவன்னுதான் கேப்பேன். அவனும் அடுத்த வருசம்பான். இப்ப, எத்தன எல விட்டுருக்குன்னு கேக்குறேன். எண்ணிச் சொல்றான்."

போனை வைத்தேன். என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கேட்கிறவர்களிடமெல்லாம் ஐ.டி. என்று சொல்லிவிடுவேன். ஐ.டி.யில் என்ன? எனக்குத் தெரியாது. ஏழு வருடமாகத் தெரியாது. அவளைக் கூப்பிட்டேன்.

"நீ காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் என்னம்மா பண்ற? முதல்லருந்து சொல்லு."

அவள் திருப்பிக் கேட்டாள்: "ஏம்மா, உனக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"